நடப்பதற்கு ஒரு பொய்

எனக்கு நடக்கப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல வசதியாக இருக்கும். அருப்புக்கோட்டையில் இருபத்தைந்து வருடமாக மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். எரிந்துபோன கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். கடையிலிருந்து நாலு கடை தள்ளி டீக்கடை. அதற்கும் வண்டியை எடுத்துக்கொண்டுதான் போவேன். சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது, "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வாசலில் நிழல் பார்த்து நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தவன் நான்.

அப்படிப்பட்டவனை நடக்க வைத்தது மகள் என் செல்போனில் ஏற்றிவிட்டுப் போன ஒரு செயலி. அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறாள். அந்தக் காப்பீட்டுக்காரர்களே ஒரு செயலி கொடுக்கிறார்கள். சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு நடந்தால் அது அடிகளை எண்ணும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி. அப்படி விடாமல் நூறு நாள் நடந்தால் அடுத்த வருடம் கட்ட வேண்டிய தொகையில் ஒரு பங்கு கழித்துக்கொள்வார்கள். போதாததற்குத் தினமும் காசு போல மஞ்சளாக ஒரு வட்டம் சுழன்று விழும். அதைச் சேர்த்துவைத்து ஏதோ கூப்பன் வாங்கிக்கொள்ளலாம்.

"ஒரு நாள் விட்டாலும் போச்சுப்பா. மறுபடி ஒண்ணாம் நாள்லருந்து ஆரம்பிக்கணும்" என்று மிரட்டிவிட்டு, கறுப்பு நிறத்தில் ஒரு ஜோடி ஷூவையும் வைத்துவிட்டுப் போனாள்.

எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறவன் என்னை நடக்க வைப்பானா என்று முதல் நாள் வீறாப்பாகத்தான் இருந்தேன். ஒரு வாரத்தில், முந்நூறு அடி குறைகிறது என்பதற்காகச் சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "செக்கு மாடு மாதிரி என்னத்துக்கு இப்படிச் சுத்துறீக?" என்றாள் மனைவி. கழிவுத் தொகை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மஞ்சள் வட்டம் விழுகிறபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆரம்பத்தில் பாளையம்பட்டிப் பக்கம் நடந்து பார்த்தேன். அங்கே வரிசையாகக் கடைகள். எல்லாம் தெரிந்த முகம். நூறு அடிக்கு ஒருவர் டீ சாப்பிடக் கூப்பிட்டார். உட்கார்ந்தே நேரம் போனது. அதனால் பரளச்சிக்குப் போகிற ரோட்டுக்கு மாறினேன். ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல் காடு, நடுவில் தார் ரோடு. நாய்த் தொல்லை இல்லை, டீக்கடை இல்லை.

"நாய் இல்லைன்னா அந்த ரோட்டுக்குப் போறீக? ஒங்க அண்ணன் அந்த வழியா வருவாகன்னு போறீக" என்றாள் மனைவி. அவளுக்கு இப்படித்தான், குறி பார்த்து அடிக்கத் தெரியும்.

என் அண்ணனின் ஊர் பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊரும் அதுதான். அப்பா வைத்துவிட்டுப் போன மானாவாரி நிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவர் தன் பங்கில் மிளகாயும் மல்லியும் போடுகிறார். நான் டவுனில் காயில் கட்டுகிறவன், என் பங்கைத் தரிசாகப் போட்டுவிட்டேன். சும்மா கிடக்கிற நிலத்தில் எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் தானாக வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, விறகைச் சுட்டுக் கரியாக்க மூட்டம் போடுகிறவர்கள் வந்து வெட்டிக்கொண்டு கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போவார்கள். உழாமல், விதைக்காமல் வருகிற பணம் எனக்கு ருசியாக இருந்தது. அண்ணனுக்கு அந்த முள் வரப்பைத் தாண்டி வந்தது. நெற்று விழுந்து அவர் மிளகாய்க்கு நடுவில் முளைத்தது. வேரோடு எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை, உறவினர் வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால் கேட்டார். நாலு பேர் முன்னால் கேட்டதால் நானும் நாலு பேர் முன்னால் பதில் சொன்னேன்.

"ஏம் பங்கு, ஏம் முள்ளு. ஒங்களுக்கு வலிச்சா நீங்க வேலி போட்டுக்கங்க."

"முள்ளு வித்துத் திங்குறவன்கிட்ட எனக்கென்ன பேச்சு" என்று எழுந்து போனார். அதோடு ஆறு வருடம் ஆயிற்று. வண்டியில் எதிரெதிரே வந்தால் இருவரும் ரோட்டையே கவனமாகப் பார்ப்போம். அவர் இல்லாத குறை எனக்கு உண்டு. நான் போய்ப் பேசவில்லை. ரோஷம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

நடைக்கு வருகிறேன். பரளச்சி ரோட்டில் டீக்கடை இல்லையே தவிர வேறொரு தொல்லை இருந்தது. எங்கள் சீமையில் வெயிலில் ஒருவன் நடந்து போவதைப் பார்த்துவிட்டு யாரும் வண்டியை நிறுத்தாமல் போக மாட்டார்கள். அது பெரிய தர்மம் என்று யாரும் நினைப்பதில்லை. நிறுத்தாமல் போனால்தான் பேச்சாகிவிடும். அதிலும் நான் காயில் கட்டுகிறவன். பாதிப் பேர் கிணற்று மோட்டார் என் கை பட்டது. காலையில் இரண்டு மைல் நடப்பதற்குள் ஏழெட்டு வண்டி நிற்கும். "ஏறுங்க", "ஏறுங்கண்ணே", "வண்டி என்னாச்சு?" ஒரு நாள் டவுன் பஸ்ஸே நின்றுவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "வாங்க, டிக்கெட்டு வேணாம்" என்றார். உள்ளே இருந்த ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உடம்புக்காக நடக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. "காட்டுல வேல பாத்தா உடம்பு, ரோட்டுல நடந்தா உடம்பா?" என்று சிரித்தார்கள். வேண்டாம் என்று மறுத்தால் முகம் சுண்டிப்போனது. அவர் வண்டியில் ஏறினீர்கள், என் வண்டியில் ஏற மாட்டீர்களா என்கிற வருத்தம். ஏறிவிட்டால் அன்றைய கணக்கு போயிற்று.

முப்பதாவது நாளோ என்னவோ, வீரசோழன் ஊர்க்கார பாய் ஒருவர் லோடு வேனை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சவூதியில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்து பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவர். தங்கமான மனிதர், விடாக்கண்டர். அது அவர் நிறுத்துகிற ஐந்தாவது நாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க ஏறாம வண்டிய எடுக்க மாட்டேன். நான் என்ன தப்பு செஞ்சேன் சொல்லுங்க" என்று இன்ஜினை அணைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏற முடியாது பாய். இருக்கன்குடிக்கு நடந்து வாரேன்னு நேந்திருக்கேன். அதுக்குத்தான் பழகுறேன். வண்டியில ஏறக் கூடாது."

அவர் முகம் மாறிவிட்டது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நடக்கிறவனை எங்கள் பக்கம் எந்த மதத்துக்காரரும் வண்டியில் ஏறச் சொல்ல மாட்டார். பிறகு அவர் பார்வை என் காலுக்குப் போனது. நேர்ந்துகொண்டவன் வெறுங்காலோடு நடப்பான். என் காலில் மகள் வாங்கிக் கொடுத்த ஷூ.

"இது டாக்டர் போடச் சொன்னாரு" என்றேன்.

நெஞ்சில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு வேனை மெதுவாக எடுத்துக்கொண்டு போனார். நான் பிழைத்தோம் என்று நடையைக் கட்டினேன்.

அந்த வேன் தினமும் பத்து ஊர்க் கடைகளில் நின்று போகிற வேன் என்பதை நான் யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வண்டியும் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, தலையை லேசாகத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். என் நடை அமோகமாக ஏறியது. ஒரு நாள் பன்னிரண்டாயிரம்கூட வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடையிலும் ஜனம் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். மோட்டார் தாமதமானால் கடைக்குள் வந்து சத்தம் போடுகிறவர், "மெதுவாச் செய்யுங்க, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார். ஒருவர் நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பாய் ஒரு சனிக்கிழமை கடைக்கே வந்து, "நேத்து ஜும்மா தொழுகையில ஒங்களுக்காக துவா கேட்டோம் அண்ணாச்சி" என்றார். அப்போதுதான் புரிந்தது. டாக்டர் சொன்ன ஷூ, சாமிக்கு நேர்ந்த நடை. இரண்டையும் கூட்டிப் பார்த்து, எனக்கு ஏதோ பெரிய நோய் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

ரேஷன் கடையில் ஒரு பெண் தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று மனைவி வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தாள்.

"நல்லா இருக்குற மனுசன நோயாளியாக்கி, என்னையும் மூலையில ஒக்கார வைக்கப் பாக்குறீகளா? நாளைக்கே ஊரெல்லாம் போயி உண்மையச் சொல்லுங்க."

"இன்னும் பதினாறு நாள்தான்" என்றேன். "நூறு முடியட்டும். சொல்லிர்றேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஷூவே எரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, கார்த்திகை மாதத்து மேகமூட்டமான காலை. எனக்குப் பின்னால் ஒரு மொபெட் சத்தம் வந்தது, கடந்து போனது, கொஞ்ச தூரம் தள்ளி நின்றது. முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அண்ணன்.

அவர் இறங்கினார். இன்ஜினை அணைத்தார். நான் அவர் பக்கத்தில் வரும்வரை ரோட்டோரத்தில் நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. ஏறு என்று சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடக்க ஆரம்பித்தார். இடது கால் முட்டி அவருக்குத் தேய்ந்துபோயிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றுதான் அவர் சாய்ந்து சாய்ந்து நடப்பதைப் பார்த்தேன். ரொம்ப தூரம் அப்படியே நடந்தோம். சொன்னால் சிரிப்பீர்கள், அவர் பக்கத்தில் நடக்கிறார் என்பதைத் தவிர எனக்கு அப்போது உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரியில காட்டுற?" என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

"இங்கனதாண்ணே."

"மதுரைக்குப் போவோம். பெரிய டாக்டர் யாராச்சும் பாப்போம். காசுக்கு யோசிக்காத. ஏம் பங்க வித்துருவோம். உள்ளூருலயே கேக்குறாக."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் பங்கு என்றால் அவர் சோறு. நான் "பாக்கலாம்ணே" என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் வண்டியில் ஏறிப் போய்விடுவார் என்று பயமாக இருந்தது. கூப்பனுக்காகவோ கழிவுக்காகவோ இல்லை. அவரை இன்னொரு ஆறு வருடம் இழக்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். அவ்வளவு தூரம் மொபெட்டில் வந்து, என்னைக் கண்டதும் இறங்கி, தள்ளிக்கொண்டே நடப்பார். மிளகாயில் இந்த வருடம் இலைச் சுருட்டு என்றார். மல்லி நல்லா வந்திருக்கு என்றார். மதினி எனக்காகக் கருப்பட்டி போடாத சுக்குத்தண்ணி ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டிருந்தாள். நான் அதைக் குடித்தேன். அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் சந்தோஷமான நாட்கள். என்னையே எனக்குப் பிடிக்காமல் போன நாட்களும் அவைதான். வீட்டில் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

தொண்ணூற்றி மூன்றாம் நாள் அவர் வண்டியிலிருந்து இறங்கியபோது காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கண்ணே?"

"நானும் நேந்துட்டேன்" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒனக்குச் சரியாப் போச்சுன்னா தை வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து வாரேன்னு. ஊருல கோயில்ல வச்சு சொல்லிட்டேன்."

அவர் முட்டியைப் பார்த்தேன். லேசாக வீங்கியிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் ஒரு பாலம் இருந்தது. அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, எனக்கு ஒரு நோயும் இல்ல."

அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் காட்டியது.

"என்னது இது?"

"நடக்குறத எண்ணுதுண்ணே."

"எண்ணி?"

"நூறு நாள் நடந்தா இன்சூரன்ஸுல கொஞ்சம் கழிப்பாக. எல்லாரும் வண்டிய நிப்பாட்டி ஏறச் சொல்றாக. தொல்ல தாங்காம நேந்திருக்கேன்னு ஒருத்தர்கிட்டப் பொய் சொன்னேன். அது இப்படியாயிருச்சு."

"அப்ப டாக்டரு?"

"சுகர் மட்டுந்தாண்ணே. மாத்திர போடுறேன்."

"சுகர் எனக்குந்தான் இருக்கு" என்றார்.

என்னை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வண்டியை உதைத்துக் கிளப்பினார். ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஏசியிருக்கலாம், ரெண்டு அறை விட்டிருக்கலாம். எதுவும் செய்யாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அன்றைக்குப் பத்தாயிரம் ஆகப்போவதில்லை என்பது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. மறுபடியும் மொபெட் சத்தம் கேட்டது. அவர்தான். வந்து நிறுத்தினார், இறங்கவில்லை.

"மோட்டார் கட்டுறவனுக்குப் புத்தியும் எரிஞ்சு போகுமாலே?" என்றார். கோபம் அப்படியே இருந்தது. "ஒரு வாரமா ஒங்க மதினி சரியாச் சாப்பிடல, தெரியுமா?"

"தப்புண்ணே. அந்த முள்ள எல்லாம் வேரோட எடுத்துர்றேன். நாளைக்கே ஜேசிபிக்குச் சொல்றேன்."

"அது வேற பஞ்சாயத்து. அதை இதோட சேக்காத. முள்ளுக்கு நீ தனியா எனக்குப் பதில் சொல்லணும்."

"சரிண்ணே." அவர் வெறுங்காலைப் பார்த்து, "நீங்க செருப்பப் போட்டுக்கங்கண்ணே. நோய்தான் இல்லையே, நீங்க எதுக்கு நடக்கணும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த விதத்தில், நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"நான் என்ன வேண்டுனேன்? ஏந் தம்பிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டுனேன். ஒண்ணும் ஆகல. ஆத்தா குடுத்துட்டா. நீ பொய் சொன்னது ஒன்னோட. நான் நேந்தது நேந்ததுதான், நடந்துதான் தீரணும்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் எப்படிண்ணே நடப்பீக?"

ஹேண்டில்பாரை இரண்டு தடவை தேய்த்தார்.

"நீ கூட வருவேல்ல?" என்றார்.

"வாரேண்ணே" என்றேன்.